ஆவாரம்பூவைக் கொதிக்க வைக்கலாமா, கூடாதா?

ஒரு வாசகரின் கேள்வி, 10 ஜனவரி 2025

செம்பருத்தி, ஆவாரம்பூ, துளசி என்று எதைப் போட்டுக் கொதிக்க வைத்தாலும் எனக்கு ஒரே ருசிதான் வருகிறது, கீரை வேகவைத்த தண்ணீர். கடைப் பாக்கெட்டில் வருவது மட்டும் புளிப்பும் மணமுமாக இருக்கிறது. அவர்கள் எசென்ஸ் கலக்கிறார்கள் என்பது என் முடிவு. வீட்டில் பூ டீ போடுவது வீண் வேலை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

11 ஜனவரி 2025, காலை

மறுக்கிறேன். நாலு வருடமாக எங்கள் வீட்டில் பாதி நாள் சாயங்கால டீ இதுதான். மதுரைக்கு வெளியே, திருமங்கலம் போகிற பக்கம் இருக்கிறோம், ரோட்டோரம் பூராவும் ஆவாரை.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி கொதிக்க விடுவதுதான் உங்கள் தப்பு என்று நினைக்கிறேன். துளசியையும் எலுமிச்சைப்புல்லையும் திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் அடுப்படி மணக்கும், டம்ளர் மணக்காது. வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, இலையைக் கிள்ளிப் போட்டு உடனே தட்டுப் போட்டு மூடுங்கள். ஏழு நிமிடம். தட்டை எடுக்கும்போது அதன் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்திருக்கும் நீரையும் டம்ளரிலேயே வழித்து விடுங்கள். பாதி மணம் அங்கேதான் இருக்கிறது, அதைப் போய் சிங்க்கில் உதறிக்கொண்டிருந்தேன் நானும், ஒரு வருடம்.

செம்பருத்திக்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கடைப் பாக்கெட்டின் புளிப்பு வந்துவிடும். ஆவாரம்பூ மட்டும் வேறு கணக்கு, அதைப் பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும்.

11 ஜனவரி, இரவு

"டீத்தூள் போடாததை ஏன் டீ என்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் அத்தையும் இதையேதான் கேட்பார்கள். டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மஞ்சத்தண்ணி, இதுல டீ எங்க இருக்கு?" என்பார்கள்.

நியாயம்தான். தேயிலைச் செடி ஒன்றுதான் டீ, மற்றதெல்லாம் பேச்சுவழக்கு. நம்மிடம் இதற்கு முன்பே கஷாயம், குடிநீர் என்ற சொற்கள் உண்டு, ஆனால் அவற்றின் செய்முறை வேறு. டெங்கு காலத்தில் அண்டா வைத்து ஊற்றிக் கொடுத்தார்களே, நிலவேம்புக் குடிநீர், அதில் வெட்டிவேர், விலாமிச்சை வேர், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, சந்தனம், பற்படாகம், பேய்ப்புடல் என்று நிலவேம்போடு சேர்த்து ஒன்பது சாமான். வேரும் கட்டையும் கிழங்கும் சும்மா சுடுதண்ணீரில் ஊறினால் எதையும் விடாது, காய்ச்சி வற்ற வைக்கத்தான் வேண்டும். இதழுக்கும் துளிருக்கும் அந்தக் கொடுமை தேவையில்லை. இந்தக் காய்ச்சும் பழக்கத்தைப் பூவுக்கும் கொண்டுவந்ததால்தான் நமக்குக் கீரைத்தண்ணீர் கிடைக்கிறது என்பது என் சந்தேகம்.

13 ஜனவரி, போகி

காப்புக் கட்டப் பறிக்கப் போனவள் கூடவே ஒரு முந்தானை நிறைய ஆவாரம்பூவும் டீக்கென்று கொண்டுவந்தேன். ஒருவர் அடையாளம் கேட்டிருந்தார், மஞ்சள் பூ என்றால் நாட்டில் நூறு இருக்கிறதே என்று. பூவைப் பார்க்காதீர்கள், இலையின் அடிக்காம்பைப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி ஒரு சின்ன இலை வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். லத்தீன் பெயரில் ஆரிகுலேட்டா என்று வைத்ததே இந்தக் காதுக்காகத்தான். சரக்கொன்றையில் அது கிடையாது, பூவும் சரம்சரமாகத் தொங்கும்.

லாரி போகிற ரோட்டை ஒட்டிய செடி வேண்டாம், உள்ளே தள்ளி நிற்பதைப் பறியுங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு பறித்தால் நல்லது.

பறித்ததை முறத்தில் பரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். ஏன் என்றால் எனக்கு முதல் வருடம் வடிகட்டியில் ஒரு பச்சைப் புழு வந்தது, நன்றாக வெந்து. இலை நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்குமே பட்டாம்பூச்சிகள், அவற்றில் சிலது இந்தச் செடியில்தான் முட்டை இடும். முறத்தில் விட்டால் அவை தாமாக ஊர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். அன்று அந்த டம்ளரைக் குடித்து முடித்த பிறகுதான் வடிகட்டியைப் பார்த்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

15 ஜனவரி

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எழுந்துபோய் எங்கள் வாசல் நிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். இலங்கைக் கடைகளில் ரணவரா என்று பாக்கெட்டில் விற்பது நம் ஆவாரம்பூதானாம். பொல்பலா என்று இன்னொரு பாக்கெட், அது சிறுபீளை, அதாவது பூளைப்பூ. இரண்டும் அங்கே சாதாரணமாகத் தேத்தண்ணி மாதிரி குடிப்பது. வில்வப்பூவையும் காயவைத்துப் பெலிமல் என்று விற்கிறார்கள்.

இங்கே நாம் போகி அன்று வேப்பிலையோடு சேர்த்து நிலையில் செருகுவது அதே ஆவாரையும் அதே பூளையும்தான். அங்கே குடிக்கிறார்கள், இங்கே வாசலில் காயவிட்டுத் தூக்கிப் போடுகிறோம். சீனியைக் கலக்காமல் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்கிறார். ஆவாரம்பூவுக்கு அது பொருத்தமாக இருந்தது. அதன் லேசான பயறு வாசத்தைப் பனங்கட்டி மறைக்காமல் தூக்கிக் கொடுக்கிறது, சீனி போட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

பூளையையும் குடித்துப் பார்த்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர். பஞ்சு தொண்டையில் மாட்டுகிறது, துணியில் வடிகட்டாமல் முடியாது. எனக்கு ஒருமுறை போதும்.

20 ஜனவரி

பத்து நிமிடம் என்று முதல் நாள் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஒரே நாள் பூ, ஒரே அளவு தண்ணீர், மூன்று டம்ளர் போட்டேன். கொதித்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டது வெளிர் மஞ்சள், குடிக்க இதமாக இருந்தது, ஆனால் எதையோ மறந்த மாதிரி. மூன்று நிமிடம் சிறு தீயில் கொதிக்க விட்டு மூடி வைத்தது பொன் நிறம், மணம், கடைசியில் லேசான துவர்ப்பு. பத்து நிமிடம் கொதித்தது பழுப்பேறி, நாக்கு முழுக்கத் துவர்த்து, தண்ணீர் குடித்தும் போகவில்லை. ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் போட்டார்கள், அந்தத் துவர்ப்பு பூவிலும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும். நாக்கைப் பதனிட்டுக்கொள்ள வேண்டாம், மூன்று நிமிடம் போதும்.

இத்தனை வருடம் பத்து நிமிடம் கொதித்ததைத்தான் நல்லது என்று நம்பிக் குடித்திருக்கிறேன். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை வேறு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு. துவர்த்தால்தான் மருந்து என்ற நினைப்பு.

அளவு கேட்டவருக்கு: ஒரு டம்ளருக்குப் பச்சைப் பூ ஒரு கைப்பிடி, காய்ந்தது என்றால் ஒரு மேசைக்கரண்டி.

2 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்கு ஒரு மன்னிப்பு. கடைப் பாக்கெட்டின் புளிப்பு எசென்ஸும் அல்ல, எலுமிச்சையும் அல்ல. ஹைபிஸ்கஸ் டீ என்று விற்பது பெரும்பாலும் நம் வீட்டு வாசல் செம்பருத்தியே அல்ல. அது ரோசெல், புளிச்சக்கீரை வகையறா. அதிலும் இதழைப் போடுவதில்லை. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சிவப்பாகப் பருத்து நிற்குமே புல்லி, அதைக் காயவைத்தது. எகிப்திலும் சூடானிலும் கர்க்கடே என்று குடிப்பது இதைத்தான். புளிப்பு அந்தப் புல்லியிலேயே இருக்கிறது. நம் செம்பருத்தியில் புளிப்பு ஏது? கொழகொழப்புதான் உண்டு.

ஆக, நீங்கள் வேறொரு செடியின் ருசியைச் செம்பருத்தியில் தேடியிருக்கிறீர்கள், நானும் எலுமிச்சையைப் பிழிந்து அதற்குத் துணை போயிருக்கிறேன். இருந்தாலும் செம்பருத்தியை விடச் சொல்லவில்லை. ஐந்திதழ் ஒற்றைச் செம்பருத்தி நாலு எடுத்து, பச்சைக் காம்பையும் நடுவில் நீண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் உருவிவிட்டு, இதழை மட்டும் கொதித்து இறக்கிய தண்ணீரில் மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் கொழகொழப்பு இறங்கிவிடும். எலுமிச்சையும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்தால் நன்றாகவே இருக்கும். நிறத்துக்கும் இஞ்சிக்கும்தான் குடிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு குடித்தால் ஏமாற்றம் இல்லை.

9 பிப்ரவரி

"எனக்குச் சிவப்பே வரவில்லை, சேலைச் சாயம் போன தண்ணீர் மாதிரி ஊதாவும் சாம்பலுமாக வருகிறது" என்று சென்னையிலிருந்து ஒருவர். போர் தண்ணீரா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கேன் தண்ணீரில் போட்டால் இளஞ்சிவப்பு, போர் தண்ணீரில் போட்டால் அழுக்கு நீலம். கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்கும் தம்பி மகன் சொன்ன விளக்கம்: இந்தப் பூக்களின் நிறம் ஆந்தோசயனின், புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் பச்சை என்று போகும். உப்புப் போர் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும், கொதிக்கக் கொதிக்க அதன் காரத்தன்மை இன்னும் ஏறும். எலுமிச்சை நாலு சொட்டு விட்டதும் டம்ளர் சடாரென்று சிவக்கிறதே, அது இதனால்தான்.

சங்குப்பூவில் இது இன்னும் வேடிக்கை. எட்டுப் பத்து நீலப்பூ, சுடுதண்ணீர், நாலு நிமிடம், பேனா மை மாதிரி நீலம் வரும். எலுமிச்சை விட்டால் ஊதா. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பச்சை, அதை யாரும் குடிக்க வேண்டாம். தாய்லாந்தில் இதை அஞ்சன் என்கிறார்கள், மலேசியாவில் கிளந்தான் பக்கம் சோற்றுக்கே இந்த நீலத்தை ஏற்றுகிறார்கள். ருசி என்று கேட்டால், கிடையாது. சும்மா பச்சைப் பயறு ஊறிய தண்ணீர். கூட எலுமிச்சைப்புல் போடுங்கள், அது பேசும், சங்குப்பூ உடுத்திக்கொண்டு நிற்கும். பூவை மட்டும் பயன்படுத்துங்கள், விதையும் வேரும் பேதிக்குக் கொடுப்பவை.

வெள்ளைச் சங்குப்பூவில் நிறம் வரவில்லை என்று ஒருவர் புகார் சொல்லியிருக்கிறார். ஐயா.

1 மார்ச்

பேதி என்று எழுதியதும் நினைவுக்கு வந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலம், பூ இல்லை. ஆவாரை இலையிலும் டீ போடலாம் என்று யாரோ சொல்ல, ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். கூட்டம். காகிதத்தில் மடித்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிவந்து, ராத்திரி ஏழு மணிக்கு எனக்கும் அவருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர். தேன் விட்டு. நன்றாக இருக்கிறது என்று அவர் இன்னும் அரை டம்ளர் வாங்கிக் குடித்தார்.

நடுராத்திரி வரை ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு ஆரம்பித்தது. வீட்டில் ஒரு கழிவறைதான். அத்தை எழுந்து வந்து, "என்ன ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நடக்குறீங்க" என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த பொட்டலத்தை மோந்து பார்த்துச் சொன்னார்கள், "அடியே இது நிலாவாரைடி."

நிலாவாரையும் ஆவாரையும் ஒரே குடும்பம்தான், பெயரும் பாதி ஒன்று. ஆனால் நிலாவாரை இலை பேதி மருந்து. உலகச் சந்தையில் தின்னவேலி சென்னா என்று நம் திருநெல்வேலிச் சீமையின் பெயரிலேயே போகிறது. குடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை காட்டும், அதனால்தான் ராத்திரி படுக்கும்போது கொடுப்பது. உடம்பு இளைக்கும் என்று விற்கும் மூலிகை டீ சிலவற்றில் இந்த இலைதான் இருக்கிறது. இளைப்பது கொழுப்பில்லை, தண்ணீர். பாக்கெட்டின் பின்பக்கம் சென்னா என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிலாவாரை இலை ஒல்லியாக, நுனி கூர்ந்து இருக்கும். ஆவாரை இலை நுனி மழுங்கி வட்டமாக, நடுவில் ஊசி முனையளவு ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். அன்று தெரிந்திருந்தால்.

16 மார்ச்

பூ எதுவானாலும் போடலாமா என்ற கேள்விக்கு ஒரே வரிதான்: கூடாது. அரளி கோயில் பூதானே, சாமிக்கு வைப்பதுதானே என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார், அதை விளையாட்டாகக்கூட எழுத வேண்டாம். அரளியின் பூ, இலை, பட்டை எல்லாமே இதயத்தை நிறுத்தும் விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்தியது. பெயர் உறுதியாகத் தெரியாத பூவைப் பூஜைக்கு வையுங்கள், டம்ளரில் போடாதீர்கள்.

கடை ரோஜாவும் வேண்டாம். பூங்கொத்துக்கு வளர்ப்பதில் அடித்த மருந்தெல்லாம் இதழ் மேலேயே இருக்கும். தொட்டியில் நாம் வளர்த்த பன்னீர் ரோஜா என்றால் சரி.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்வதை நம்பி மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், சண்டை போட்டு மறுபடி போட வைத்தேன். டாக்டரிடம் நாங்கள் இன்னது குடிக்கிறோம் என்று சொல்லியாயிற்று. கர்ப்பமாக இருப்பவர்களும் கேட்டுக்கொண்டு குடியுங்கள். எனக்கு இது சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து குடிக்க ஒரு சூடான தண்ணீர், அவ்வளவுதான். மருந்து என்று குடித்த நாளெல்லாம் நான் ருசியைக் கவனித்ததே இல்லை.

20 ஏப்ரல்

மல்லி மலிந்துவிட்டது. பொங்கலுக்குத் தொட முடியாத விலை, இப்போது மாட்டுத்தாவணியில் கூடையோடு கூப்பிடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி வீட்டில் இருக்க, டீ போடாமல் இருப்பதா என்று ஒரு கைப்பிடியைக் கொதிதண்ணீரில் போட்டேன். அரை நிமிடம் மணத்தது, பிறகு புல் நாற்றம். கொட்டிவிட்டேன்.

சீனாவில் மல்லிகை டீ என்று பெயர் வாங்கிய ஊர் ஃபூஜோ. அங்கே போடுவதும் நம் மல்லி இனம்தான், ஆனால் அவர்கள் பூவைத் தண்ணீரில் போடுவதே இல்லை. சாயங்காலம் மொட்டைத் தேயிலையோடு அடுக்கிவைப்பார்கள். மொட்டு ராத்திரிதான் விரியும், விரியும்போது விடும் மணத்தைத் தேயிலை குடித்துக்கொள்ளும். காலையில் பூவைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தேயிலையை உலர்த்தி, மறுபடி புது மொட்டு. இப்படிப் பல ராத்திரி.

நான் செய்தது: நீலகிரி இலைத்தேயிலை (டஸ்ட் வேண்டாம், பூவைப் பிரிக்க முடியாது), எவர்சில்வர் டப்பா, ஒரு அடுக்கு தேயிலை, ஒரு அடுக்கு மொட்டு. ராத்திரி பத்து மணிக்குத் திறந்து பார்த்தேன், டப்பா உள்ளே வெதுவெதுவென்று இருந்தது, மொட்டெல்லாம் வாயைத் திறந்துகொண்டு. காலையில் பூ பழுப்பாகிச் சுருண்டு கிடந்தது, தேயிலை நமநமவென்று ஈரம். பூவைப் பொறுக்கிவிட்டுத் தேயிலையை வாணலியில் மிகச் சிறு தீயில் உலர்த்தினேன். மூன்று ராத்திரி இதே வேலை. பால் விடாமல் போட்டு அத்தைக்குக் கொடுத்தேன். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கவில்லை. "கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். டீத்தூள் இருந்ததால் சமாதானம் ஆகிவிட்டார்களோ என்னவோ.

21 ஏப்ரல்

கடை ரோஜா வேண்டாம் என்று எழுதிவிட்டு மார்க்கெட் மல்லியை வாங்கி டப்பாவில் அடுக்கினீர்களே என்று இருவர் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது சரி. மொக்குப்புழுவுக்கு மல்லிக்கும் மருந்து அடிக்கிறார்கள், மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் இல்லை, விலை மலிந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். மிச்சத் தேயிலையை ரோஜாச் செடிக்குப் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு மாடியில் தொட்டியில் மல்லி இருக்கிறது, கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிதான் தேறும், சின்ன டப்பாவாக எடுக்க வேண்டும்.

18 மே

ஜனவரியில் காயவைத்த ஆவாரம்பூ இன்று தீர்ந்தது. பூசணம் பிடிக்கிறது என்று எழுதியவர்களுக்கு: வெயிலில் காயவைத்தால் நிறம் செத்துவிடும், நிழலில், காற்றோட்டத்தில், பழைய வேட்டி மேல் பரப்ப வேண்டும். இதழ் காய்ந்ததும் எடுத்துவிடாதீர்கள், அடியில் உருண்டையாக இருக்கும் பச்சைப் பகுதி காய இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம். முதல் தடவை நான் அவசரப்பட்டு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவைக்க, பத்து நாளில் வெள்ளைப் பஞ்சு. மேலே இருந்ததை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம், முழுதாகக் கொட்டுங்கள். இப்போது கண்ணாடி பாட்டிலில் போட்டு, முதல் வாரம் தினமும் மூடியின் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

துளசியைக் காயவைப்பதே இல்லை, செடி இருக்கும்போது எதற்கு. கொய்யா இலை கேட்டவருக்கு, ஜப்பானில் அதைப் பாட்டிலில் அடைத்தே விற்கிறார்கள், நீங்கள் தாராளமாகப் போடலாம், துளிர் வேண்டாம், நடுத்தர இலை எடுங்கள்.

7 ஜூன்

முதல் நாள் துளசிக்கு ஏழு நிமிடம் என்று எழுதியிருந்தேன். அது எங்கள் கனமான பித்தளைச் சட்டிக்கு. சாதாரண எவர்சில்வர் பாத்திரத்தில் ஏழு நிமிடத்தில் ஆறிப்போகிறது, மறுபடி சூடு பண்ணினால் மணம் போய்விடும். ஐந்து நிமிடம் போதும், மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மல்லி நேற்றிலிருந்து டப்பாவில் இருக்கிறது, இரண்டாவது ராத்திரி.